ராக் இசையில மூத்த கலைஞர்கள் பிற்காலத்துல பாடின பாட்டுல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது, ஏன்?

ஒரே ஒரு பாட்டுதான் சொல்லணும்னா அமெரிக்கப் பாடகர் பாப் டிலனோட 'நாட் டார்க் யெட்'. 1997ல வந்த 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்' ஆல்பத்துல இருக்கு, அப்ப அவருக்கு 56 வயசு. ஆனா ஏன்னும் கேட்டிருக்கீங்க. அதுக்கு ஒரு பாட்டு போதாது, கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

நான் கும்பகோணம் பக்கத்து ஆளு. எங்க பக்கம் ராக் கேக்கறவங்க கம்மி, ஆனா வயசானவங்க பாடறதை உக்காந்து கேக்கற பழக்கம் நிறைய வீட்ல உண்டு. கோயில் உற்சவத்துல, திருவையாறு ஆராதனையில எல்லாம் குரல் தேஞ்சு போன வித்வான் மேடையில உக்காந்தாலும் யாரும் எழுந்து போக மாட்டாங்க. எங்க பெரியப்பா கர்நாடக சங்கீத வித்வான் செம்மங்குடி சீனிவாச ஐயரோட தீவிர ரசிகர். செம்மங்குடி 1908ல திருக்கோடிக்காவல்ல பொறந்தவர், 90 வயசைத் தாண்டியும் பாடினவர், அவரோட பிற்காலத்துக் கச்சேரி கேசட்டைப் பெரியப்பா போடும்போதெல்லாம் நான் "என்ன பெரியப்பா, குரலே எழும்பலயே"ம்பேன், அவர் "அவருக்கு இப்ப எந்தக் கட்டை, அதாவது எந்தச் சுருதி, சௌகரியமோ அதுல பாடறார், நீ பேசாம கேளுடா"ன்னு அடக்கிடுவார். அந்தக் காதை வச்சுகிட்டுதான் நான் பின்னாடி திருச்சி ஹாஸ்டல்ல ராக் கேக்க ஆரம்பிச்சேன், கூட இருந்த பசங்க எல்லாம் 70கள்ல வந்த பாட்டையே சுத்திச் சுத்திக் கேட்டாங்க, எனக்கு என்னவோ இந்த ஆளுங்க வயசானப்புறம் என்ன பண்ணாங்கங்கறதுலதான் மனசு போச்சு.

அதனால நான் ரெண்டு விஷயம் பார்ப்பேன். இருபத்தஞ்சு வயசுல பாடின கட்டையையே பிடிச்சு தம் கட்டாம, இப்ப இருக்கற தொண்டைக்குத் தகுந்த மாதிரி பாட்டையே வேற மாதிரி அமைச்சிருக்காரான்னு ஒண்ணு. இன்னொண்ணு, அவர் இறந்துட்டார்ங்கற செய்தியை எடுத்து ஓரமா வச்சுட்டுக் கேட்டாலும் பாட்டு நிக்குதா. இந்த ரெண்டாவதை ஏன் சொல்றேன்னா, இந்த மாதிரி பட்டியல் யார் போட்டாலும் முக்கால்வாசி கடைசி ஆல்பமாத்தான் இருக்கும். துக்கம் வேற, பாட்டு வேற.

டிலனுக்கு வரேன். 1990க்கு அப்புறம் ஏழு வருஷம் அவர் சொந்தமா எழுதின பாட்டை வச்சு ஆல்பமே போடல. நடுவுல 92லயும் 93லயும் வந்த ரெண்டும் பழைய நாட்டுப்பாட்டும் புளூசும், கிடாரும் ஹார்மோனிகாவும் மட்டும் வச்சுகிட்டு தனி ஆளா பாடினது. இனிமே இவர்கிட்ட ஒண்ணும் இல்லன்னு நினைச்சவங்க நிறைய. நான் அதை அப்படிப் பார்க்கல, அந்த ரெண்டு ஆல்பமும் அவர் தன்னோட பாடாந்தரத்துக்கே, அதாவது கத்துகிட்டு வந்த பாட்டு வழிக்கே, திரும்பிப் போய் உக்காந்து பண்ணின பயிற்சின்னுதான் நினைக்கறேன், ஏன்னா அதுக்கப்புறம் வந்த இந்த ஆல்பத்துல குரல் உடைஞ்சு கரகரன்னு இருந்தாலும் எந்த வார்த்தையில எவ்வளவு நேரம் நிக்கணும், எங்க விட்டுடணும்ங்கறது அவ்வளவு துல்லியமா இருக்கு. 'நாட் டார்க் யெட்' ஆறரை நிமிஷம். விளம்ப காலம், ரொம்ப நிதானமான வேகம். டிரம்ஸ் ஒரு இடத்துலயும் அவசரப்படாது, தயாரிப்பாளர் டேனியல் லன்வா கிடார் எல்லாத்தையும் ஒண்ணோட ஒண்ணு கலந்து பின்னாடி தள்ளிட்டு டிலன் குரலை மட்டும் நம்ம காதுகிட்ட கொண்டு வந்து வச்சிருக்கார். பொழுது சாயுது, இன்னும் இருட்டல, ஆனா இருட்டிடும். அவ்வளவுதான் பாட்டே. யாரையும் குத்தம் சொல்லல, அழல, ஆறுதலும் தேடல.

இதுல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், நிறைய பேர் இதைத் தப்பா எழுதறாங்க. 1997 மே மாசம் டிலனுக்கு இதயத்தைச் சுத்தி இருக்கற உறையில பூஞ்சைத் தொற்று வந்து ஆஸ்பத்திரியில இருந்தார், அதுல இருந்து பொழைச்சு வந்து பாடினதுதான் இதுன்னு. கிடையாது, ஆல்பத்தை மயாமியில பதிவு பண்ணது அதே வருஷம் ஜனவரியில, நோய் வந்தது அதுக்கு அப்புறம். சாவைப் பக்கத்துல பார்த்த பயத்துல வந்த பாட்டு இல்ல இது, நல்லா இருக்கும்போதே ஒரு ஐம்பத்தஞ்சு வயசு மனுஷன் உக்காந்து யோசிச்சு எழுதினது, அதனாலதான் எனக்கு இது மேல இவ்வளவு மரியாதை. 98ல அமெரிக்க இசை விருதான கிராமியில வருஷத்தோட சிறந்த ஆல்பம் விருதை இதுக்குக் குடுத்தாங்க.

டிலன்லயே இன்னொண்ணு சொல்லாம போக முடியாது. 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்', 2020 மார்ச் 27 வந்துச்சு, லாக்டவுன் ஆரம்பிச்ச மூணாம் நாள். எங்க ஊர்ல அப்ப அறுப்பு முடிஞ்சு வயல்ல உளுந்து நிக்குது, பஸ் ஓடல, ரோட்ல ஆள் இல்ல, மொட்டை மாடியில படுத்துகிட்டு ஹெட்போன்ல கேட்டேன். கிட்டத்தட்ட 17 நிமிஷம். 1963ல டல்லாஸ்ல கென்னடியைச் சுட்டுக் கொன்னதுல ஆரம்பிக்குது, அப்புறம் ரேடியோக்காரர் ஒருத்தரைக் கூப்பிட்டு அந்தப் பாட்டைப் போடு, இந்தப் பாட்டைப் போடுன்னு கேட்டுகிட்டே போறார், ஜாஸ், புளூஸ், சினிமான்னு ஒரு நூற்றாண்டோட பேரெல்லாம் வரிசையா வருது. தாளம்னு கறாரா ஒண்ணும் இல்ல, பியானோவும் வில் போடற வாத்தியமும் அவர் பின்னாடியே மெல்ல வருது. எங்க பக்கம் ஒப்பாரி கேட்டவங்களுக்கு இதோட கட்டு உடனே பிடிபடும், செத்தவரைச் சொல்லி ஆரம்பிச்சு அப்புறம் ஒப்பாரி வைக்கற அம்மா தன்னோட அப்பா, அண்ணன், அதுக்கு முன்னாடி போனவங்கன்னு எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுகிட்டே போவாங்க இல்ல, அதேதான். இவ்வளவு வருஷம் பாடின மனுஷனுக்கு அவர் சொந்தக் குரல்ல ஒரு பாட்டு முதல்முறையா அமெரிக்காவுல பாட்டுகளை வரிசைப்படுத்தற பில்போர்ட் பட்டியல் ஒண்ணுல முதலிடம் வந்தது இந்தப் பதினேழு நிமிஷப் பாட்டுக்குத்தான்.

அடுத்தது பீட்டில்ஸ்ல கிடார் வாசிச்ச ஜார்ஜ் ஹாரிசன். இவரை நான் சேர்க்கலன்னா என் ஊர்க்காரங்களுக்கு துரோகம் பண்ண மாதிரி. 2001 நவம்பர் 29 இறந்துட்டார், 58 வயசுதான், அவர் பாதியில விட்டுப் போன பாட்டையெல்லாம் மகன் தானியும் தயாரிப்பாளர் ஜெஃப் லின்னும் முடிச்சு 2002 நவம்பர்ல 'பிரெய்ன்வாஷ்ட்'னு கொண்டு வந்தாங்க. அதுல 'மார்வா புளூஸ்'னு ஒண்ணு, வாய்ப்பாட்டே இல்ல, ஸ்லைடு கிடார்தான் முன்னாடி நிக்குது, இதுக்கு கிராமியும் கிடைச்சுது. பேர்ல மார்வாங்கற இந்துஸ்தானி ராகம் இருக்கறதால ராகத்தை விரிச்சு வாசிக்கறதை எதிர்பார்க்காதீங்க, அது வராது. ஆனா அந்த இழைவைக் கேளுங்க. கம்பி மேல ஒரு கட்டையை வச்சு நழுவ விட்டு வாசிக்கறது நமக்குப் புதுசு இல்ல, கோட்டுவாத்தியம் அதேதான், திருவிடைமருதூர் சகாராம ராவ் வாசிச்ச வாத்தியம், செம்மங்குடியே அவர்கிட்ட கத்துகிட்டவர். ஹாரிசன் 66ல ரவிசங்கர்கிட்ட சிதார் கத்துகிட்டார், அதுக்கப்புறம் சிதாரை வச்சுட்டு கிடாருக்கே திரும்பிட்டார். ஆனா ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவுல இருக்கற இடம் அவர் கையில தங்கிடுச்சு, அதை முப்பது வருஷத்துக்கு அப்புறம் இந்தப் பாட்டுல கேக்கலாம்.

அதே ஆல்பத்தோட கடைசிப் பாட்டு, ஆல்பம் பேர்தான் பாட்டுக்கும். உலகத்துல யார் யாரெல்லாம் நம்ம மூளையைக் கழுவறாங்கன்னு வேகமா திட்டிகிட்டே போற பாட்டு, முடியப்போகுதுன்னு நினைக்கற நேரத்துல அப்படியே அடங்கி, அப்பாவும் மகனும் சேர்ந்து "நம பார்வதி பதயே, ஹர ஹர மகாதேவா"ன்னு ஆரம்பிக்கறாங்க. முதல் தடவை கேட்டப்போ எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. நம்ம சிவன் கோயில்ல தேவாரம் முடிஞ்சதும் ஒருத்தர் "நமப் பார்வதீ பதயே"ன்னு குரல் விட மொத்தக் கூட்டமும் "ஹர ஹர மகாதேவா"ங்குமே, சின்ன வயசுல கும்பேஸ்வரர் கோயில்ல கத்தின அதே குரல், லிவர்பூல்ல பொறந்த ஒருத்தரோட கடைசி ஆல்பத்துல. அவர் அதை அலங்காரத்துக்கு வைக்கல, இருபத்தி சொச்ச வயசுல இருந்து பிடிச்ச பிடியை விடாதவர், அதனால அது அங்க உக்காந்து பொருந்துது. மரணத்தை எடுத்துட்டுப் பார்க்கணும்னு மேல சொன்னேன், இந்தப் பாட்டு அதுலயும் நிக்கும், அதோட கோபம் உயிரோட இருக்கற கோபம்.

டேவிட் போவின்னா எல்லாரும் 'பிளாக்ஸ்டார்' சொல்வாங்க. 2016 ஜனவரி 8 அவரோட 69வது பிறந்த நாள் அன்னிக்கு ஆல்பம் வருது, பத்தாம் தேதி இறந்துட்டார். நியூயார்க் ஜாஸ் ஆளுங்களை வச்சு பண்ணினது, டானி மெக்காஸ்லின் சாக்ஸபோன் பிரமாதம், மறுக்கவே மாட்டேன். ஆனா என் மனசுல இருக்கறது அதுக்கு மூணு வருஷம் முன்னாடி வந்த 'வேர் ஆர் வீ நவ்?'. 2004ல டூர் நடுவுல இதயத்துல அடைப்பு, அதோட ஒதுங்கினவர் பத்து வருஷமா புது ஆல்பமே இல்லாம இருந்து 2013 ஜனவரி 8 காலையில யாருக்கும் சொல்லாம இந்தப் பாட்டை வெளியில விட்டார். 70கள் கடைசியில அவர் வாழ்ந்த பெர்லினை நினைச்சுகிட்டு, பொட்ஸ்டாமர் பிளாட்ஸ், ஒரு பெரிய கடை, சுவர் திறந்த ராத்திரி ஜனங்க நடந்து போன பாலம்னு இடத்துப் பேரா சொல்லிகிட்டு போறார். குரல் மெலிஞ்சு லேசா ஆடுது, அதை மறைக்கவே முயற்சி பண்ணல. சிங்கப்பூர்ல இருபது வருஷத்துக்கு மேல இருக்கற எங்க அத்தான் லீவுல வந்தப்போ இதைப் போட்டுக் காட்டினேன், இங்கிலீஷ் பாட்டுப் பக்கமே போகாதவர், அர்த்தத்தைக் கேட்டுகிட்டு மறுபடி போடச் சொன்னார்.

லெனர்ட் கோஹென் 'யூ வாண்ட் இட் டார்க்கர்', 2016 அக்டோபர், 82 வயசு. கட்டையைக் குறைச்சுகிட்டே போய் தரைக்கு வந்த குரல், பாட்டா பேச்சான்னு பிரிக்க முடியாது, பின்னாடி மாண்ட்ரியல்ல அவர் சின்ன வயசுல போன யூத ஆலயத்தோட பாடகர் குழு. உடம்பு முடியாம வீட்லயே நாற்காலியில உக்காந்து பாடினதை மகன் ஆடம் பதிவு பண்ணார். அடுத்த மாசமே காலமானாலும், எனக்கு இது துக்கப் பாட்டா படல, கடவுள்கிட்ட நேருக்கு நேர் வழக்காடற பாட்டு, தேவாரத்துல சுந்தரர் சண்டை போடறதைக் கேட்டு வளர்ந்தவங்களுக்கு அந்தத் தொனி அந்நியமா இருக்காது.

ஜானி கேஷ் பாடின 'ஹர்ட்' பத்தி எல்லாரும் சொல்லிட்டாங்க, நான் சுருக்கமா முடிச்சுக்கறேன். நைன் இஞ்ச் நெயில்ஸ்ங்கற ராக் பேண்ட் 94ல போட்ட பாட்டு, இளவட்டம் ஒருத்தர் எழுதினது, 2002ல எழுபது வயசுக்காரர் பாடும்போது அதே வரி வேற ஆயிடுச்சு, ஒரே ஒரு கெட்ட வார்த்தையை மட்டும் முள்ளுன்னு மாத்தினார். நல்ல பாட்டு. ஆனா அந்த வீடியோ பாதி வேலையைப் பண்ணிடுது, அதனால என் முதல் வரிசையில வைக்கல.

உயிரோட நல்லா நடமாடிகிட்டு இருக்கும்போதே பாதையை மாத்தினவர்னா ராபர்ட் பிளாண்ட், இவரைப் பத்தி நம்ம ஆளுங்க போதுமான அளவு பேசறதே இல்ல. லெட் செப்பலின்ங்கற ராக் பேண்ட்ல உச்ச ஸ்தாயில கத்தினவர். 2007 டிசம்பர்ல லண்டன்ல பேண்ட் மறுபடி சேர்ந்து ஒரே ஒரு கச்சேரி பண்ணாங்க, அதுக்கப்புறம் உலகமே டூர் போகச் சொல்லிக் கெஞ்சுது, எவ்வளவு காசு வந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அவர் போகல. ஆலிசன் கிராஸ்ங்கற புளூகிராஸ் (அமெரிக்க நாட்டுப்புற இசை வகை) பாடகியோட அதே வருஷம் போட்ட 'ரெய்சிங் சாண்ட்' ஆல்பத்தை எடுத்துகிட்டு மேடை மேடையா போனார். அதுல 'ப்ளீஸ் ரீட் த லெட்டர்' கேளுங்க, லெட் செப்பலின் கிடாரிஸ்ட் ஜிம்மி பேஜோட 98ல பண்ணின பாட்டுதான், அதையே வேகம் குறைச்சு, குரலை அடக்கி, அந்தம்மா குரலுக்கு இடம் விட்டுப் பாடறார். பிருகா, அதாவது குரலை வேகமா சுழட்டற வித்தை, போடத் தெரிஞ்சவர் போடாம இருக்கறது பெரிய விஷயம். 2009ல கிராமியில வருஷத்தோட சிறந்த ஆல்பம் இது, சிறந்த பதிவு இந்தப் பாட்டு.

இதுக்கெல்லாம் அடங்காதவர் ஒருத்தர், மிக் ஜாகர். 2023ல ரோலிங் ஸ்டோன்ஸ் போட்ட 'ஹாக்னி டயமண்ட்ஸ்', 18 வருஷத்துக்கு அப்புறம் சொந்தப் பாட்டு வச்ச ஆல்பம், அவருக்கு 80 வயசு, 'ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்'ல லேடி காகாவோட போட்டி போட்டுகிட்டு ஏறுறார், ஸ்டீவி வொண்டர் கீபோர்டு. பாட்டு முடிஞ்சு அடங்குது, அப்புறம் மறுபடி கிளம்புது, அந்த இடத்துக்காகவே கேக்கணும். கட்டை, சௌகரியம் எதுவும் இவருக்குப் பொருந்தல. தொண்டை இருக்கு, பாடறார். பெரியப்பா இருந்திருந்தா இவரைப் பத்தி என்ன சொல்லியிருப்பார்னு கேக்க ஆசை.

புதுசா கேக்கறவங்களுக்கு என் வரிசை இது: பிளாண்ட் பாட்டுல ஆரம்பிங்க, அது யாருக்கும் பிடிக்கும். அப்புறம் போவி, ஹாரிசன், அப்புறம் கோஹென். 'நாட் டார்க் யெட்' பகல்ல வேண்டாம், வேலையெல்லாம் முடிஞ்ச சாயங்காலம் போனை ஓரமா வச்சுட்டு முழுசா கேளுங்க. 'மர்டர் மோஸ்ட் ஃபவுல்'க்கு முன்னாடி கென்னடி விவகாரத்தைக் கொஞ்சம் படிச்சுக்கங்க, பாதி பேர் அங்கதான் விட்டுடறாங்க. நான் விட்ட பாட்டு ஏதாவது இருந்தா கீழ போடுங்க, முக்கியமா பொம்பளைப் பாடகிங்க பிற்காலத்துல பாடினது, என் பட்டியல்ல அது குறையுது.