சோடியம் பெரிது, குளோரின் சிறிது

அன்புள்ள ஐயா,

விட்டுப்போன வேதியியலை மறுபடி படிக்கிறேன். தனிம வரிசை அட்டவணையில் இடமிருந்து வலம் போனால் அணு ஆரம் குறையும், அயனியாக்கும் ஆற்றல் (அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான ஆற்றல்) கூடும் என்று அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். சோடியத்தில் 11 எலக்ட்ரான், குளோரினில் 17. எலக்ட்ரான் கூடினால் அணு பெருக்கத்தானே வேண்டும்? சரி என்று அதை உருப்போட்டால், நைட்ரஜனிலிருந்து ஆக்ஸிஜனுக்குப் போகும்போது அயனியாக்கும் ஆற்றல் குறைகிறது. இதற்கெல்லாம் காரணம் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உண்டு. அம்புக்குறிகளைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, வெளிக்கூட்டில் (எலக்ட்ரான்கள் அணுக்கருவைச் சுற்றி அடுக்கடுக்காக இருக்கும் கூடுகளில் கடைசியில்) இருக்கும் எலக்ட்ரானுக்கு அணுக்கருவின் இழுப்பு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று மட்டும் பாருங்கள்.

சோடியத்தில் 11 புரோட்டான். உள்கூடுகளில் 2, 8 என்று 10 எலக்ட்ரான்கள் இருந்துகொண்டு அந்த இழுப்பில் பெரும்பகுதியை மறைத்துவிடுவதால், வெளியே தனியாக இருக்கும் ஒன்றுக்கு 11இல் சுமார் 2.2தான் கிடைக்கிறது. குளோரினில் புரோட்டான் 17 ஆகிவிட்டது, ஆனால் உள்ளே மறைப்பவை அதே 10தான். கூடுதலாக வந்தவை எல்லாம் மூன்றாவது கூட்டிலேயே உட்கார்ந்துவிட்டன; ஒரே கூட்டில் இருப்பவை ஒன்றையொன்று அவ்வளவாக மறைப்பதில்லை. அதனால் சுமார் 6.1 வரை இழுப்பு உணரப்படுகிறது, அணு சுருங்குகிறது: 186 பைக்கோமீட்டரிலிருந்து 99க்கு. (முதலாவது உலோக ஆரம், இரண்டாவது சகப்பிணைப்பு ஆரம், ஒரே அளவுகோல் இல்லை. பல புத்தகங்கள் இதைச் சொல்லாமல் ஒரே பட்டியலில் போட்டுவிடுகின்றன.) மேலிருந்து கீழே போனால் புதுக்கூடு சேருகிறது, அணு பெருக்கிறது, அவ்வளவுதான்.

கூடு என்பதே படம் வரைய வசதிக்காகச் சொன்னது என்று தோன்றினால் மக்னீசியத்தைப் பாருங்கள். முதல் எலக்ட்ரானை எடுக்க மோலுக்கு 738 கிலோஜூல், இரண்டாவதற்கு 1451, மூன்றாவதற்கு 7733! மூன்றாவது, உள்கூட்டிலிருந்து வர வேண்டியது.

அப்புறம் உங்கள் நைட்ரஜன். ஒரு கூட்டுக்குள் எலக்ட்ரான்கள் இருக்கும் அறைகளை ஆர்பிட்டால் என்கிறோம், ஒன்றில் இரண்டுக்கு மேல் இருக்க முடியாது; நைட்ரஜனின் வெளிக்கூட்டில் 'பி' என்ற வகை அறைகள் மூன்று. 'பாதி நிரம்பிய ஆர்பிட்டாலுக்கு நிலைப்புத்தன்மை அதிகம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், எனக்கு அந்த வரி பிடிக்காது. நைட்ரஜனின் மூன்று பி எலக்ட்ரான்களும் ஆளுக்கொரு ஆர்பிட்டாலில் இருக்கின்றன. ஆக்ஸிஜனில் வரும் நான்காவதுக்குத் தனி இடம் இல்லை, ஏற்கெனவே ஒன்று இருக்கும் ஆர்பிட்டாலில்தான் சேர வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவதால் ஒன்றை வெளியே எடுப்பது சுலபமாகிறது.

நம்பிக்கை வரவில்லையா, ஒரு வரைபடத் தாளில் புள்ளி வைத்துப் பாருங்கள். முதல் எலக்ட்ரானை எடுக்க, மோலுக்குக் கிலோஜூலில்: போரான் 801, கார்பன் 1086, நைட்ரஜன் 1402. இந்தக் கோட்டை அப்படியே நீட்டினால் ஆக்ஸிஜன் 1700ஐத் தொட வேண்டும், ஆனால் 1314தான். அதற்கடுத்த ஃபுளோரின் 1681, நியான் 2081, அவையும் கோட்டுக்குக் கீழேதான். நைட்ரஜனுக்கு மட்டும் ஏதோ தனிச்சலுகை என்றால் அது ஒன்றுதானே மேலே துருத்திக்கொண்டு நிற்க வேண்டும்? இங்கே ஜோடி சேர ஆரம்பித்ததிலிருந்து மூன்றுமே ஒரு படி இறங்கியிருக்கின்றன.