பழைய சுவருக்குச் சீமெந்து பூசலாமா? கோட்டையிலிருந்து ஒரு மேற்பார்வையாளர் கேட்கிறார்

கேள்வி: நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவள். சிவில் டிப்ளோமா முடித்துவிட்டு, அரசாங்கத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக 4 வருடம் பாடசாலைக் கட்டிடங்களும் வடிகான்களும் பார்த்தேன். ஓகஸ்ட்டில் கொழும்புக்கு மாற்றம் வந்தது. கோட்டையில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட ஓர் அரச கட்டிடத்தைப் பழமை கெடாமல் பேணும் வேலைக்கு என்னை மேற்பார்வையாளராகப் போட்டிருக்கிறார்கள். கீழ்த்தளச் சுவரெல்லாம் ஈரம் ஏறி உப்புப் பூத்துக் கிடக்கிறது. பி.ஓ.கியூ.வில் (வேலை அளவும் விலையும் எழுதிய ஒப்பந்தப் பட்டியல்) ‘பழைய பூச்சை அகற்றி மீண்டும் பூசுதல்’ என்று ஒரே ஒரு வரி. மேசன் பாஸ் (தலைமை மேசன்) 30 வருட அனுபவக்காரர். சீமெந்து போட்டால்தான் நிற்கும் என்கிறார். மேலிடத்தில் டிசம்பர் 31க்கு முன் பில் போட்டாக வேண்டும் என்கிறார்கள். எனக்குச் சிங்களமும் அரைகுறை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். சீமெந்து வேண்டாம். டிசம்பருக்குள் பூச்சு வேலையே வேண்டாம். ஆனால் டிசம்பருக்குள் பில் போடக்கூடிய வேறு வேலை அந்தக் கட்டிடத்தில் நிறைய இருக்கிறது. அதை இந்த ஒக்டோபரிலேயே தொடங்கலாம். காரணம் கையில் இருந்தால்தான் பாஸோடும் மேலதிகாரியோடும் உங்களால் பேச முடியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கொழும்பின் பழைய சுவர்கள் பெரும்பாலும் கபொக் கல் (வெட்டியெடுத்த செம்பூரான் கல்), இல்லாவிட்டால் செங்கல். இடையில் சுண்ணாம்புச் சாந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒல்லாந்தர் கட்டிய வுல்ஃபெண்டால் தேவாலயத்தைப் போய்ப் பாருங்கள். 1749இல் வேலை தொடங்கி 1757இல் திறக்கப்பட்டது. சுவர் ஏறக்குறைய 5 அடி தடிப்பு: கபொக், முருகைக்கல், சுண்ணாம்பு. அந்தக் காலத்துச் சுவர்களுக்கு இன்று நாம் போடுவது போன்ற ஈரத்தடுப்புப் படை கிடையாது. நிலத்தின் ஈரம் சுவருக்குள் ஏறும். ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகக் காற்றோடு போய்விடும். வருவதும் போவதும் ஈடாக இருக்கும் வரை சுவருக்கு ஒன்றும் ஆகாது.

அந்தச் சுவருக்குச் சீமெந்துப் பூச்சுப் போட்டால் ஈரம் வெளியேறும் வழி அடைபடுகிறது. ஈரம் நிற்காது, சீமெந்து முடிகிற உயரத்தையும் தாண்டி மேலே ஏறும். கோட்டையில் கடற்காற்றும் இருப்பதால் சுவருக்குள் உப்புக்குப் பஞ்சமில்லை. உலரும்போது அந்த உப்பு பளிங்காகிப் பருக்கும். பூச்சுக்குப் பின்னால், கல்லின் நுண்துளைகளுக்குள்ளேயே பருக்கும். கபொக் அதைத் தாங்காது.

இதை நான் கண்ணால் பார்த்துப் படித்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், துறைமுகத்துப் பக்கம் ஒரு பழைய அரச கந்தோர். அங்கேயும் இதே வருடக் கடைசி அவசரம். யன்னலுக்குக் கீழே மட்டும்தானே என்று சீமெந்துப் பூச்சுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். அன்று சுவர் கண்ணாடி போல இருந்தது, எல்லோரும் பாராட்டினார்கள். இரண்டு மழைக்காலம் போன பிறகு ஈரம் யன்னலுக்கு மேலே நின்றது. பூச்சைத் தட்டினேன், பொள்ளல் சத்தம். அதே பாஸ் உளியால் ஒரு கைப்பிடி அகலத்துக்கு எடுத்தார். பின்னால் இருந்த கபொக் கல்லாக இல்லை. ஈரச் சர்க்கரை போல என் உள்ளங்கையில் கொட்டியது. விரலால் தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. உளியைக் கீழே வைத்துவிட்டு, பாஸ் நெடுநேரம் பேசவில்லை. அந்தக் கற்களை மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. நூறு வருடத்துக்கு மேல் நின்ற கல், நான் போட்ட கையெழுத்தால் போனது. இன்றைக்கும் அந்தத் தெருவால் போகும்போது எனக்கு மனது கனக்கும்.

அதனால் பாஸோடு வாதாட வேண்டாம். உங்கள் கட்டிடத்திலும் எப்போதோ சீமெந்து ஒட்டுப்போட்ட இடம் கட்டாயம் இருக்கும். அதைத் தேடிப் பிடித்து, அவர் கையாலேயே திறக்கச் செய்யுங்கள். 30 வருட அனுபவமுள்ள கைக்கு ஒரு கைப்பிடித் தூள் போதும். ‘பாஸ் உன்னெஹே’ என்று மரியாதையாகக் கூப்பிடுங்கள். ஹுணு, பதாம, கபராறு, அதாவது சுண்ணாம்பு, சாந்து, பூச்சு. அப்புறம் ‘ஹெமின்’, மெதுவாக. இந்த நாலு சொல்லோடு தொடங்கினால் போதும், மிச்சம் வேலைத்தலமே சொல்லித் தரும். சிங்களம் அரைகுறை என்று தயங்கி நிற்பதை விட, பிழையாகப் பேசிக்கொண்டு சாரத்தில் ஏறி நிற்பது நல்லது.

சரி, ஈரம் எங்கிருந்து வருகிறது? சுவரைத் தொடுவதற்கு முன் மழை பெய்யும்போது குடையோடு கட்டிடத்தைச் சுற்றி நடங்கள். ஒக்டோபர், நவம்பர் மழை இதற்கென்றே வருகிறது. ‘நிலத்து ஈரம்’ என்று எழுதிவைத்திருக்கும் இடங்களில் பல, உடைந்த பீலியும் அடைத்த இறங்குகுழாயும்தான். எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்கு ஈரம் நிற்கிறது என்று பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். வெளியே நில மட்டத்தையும் பாருங்கள். கோட்டையிலும் புறக்கோட்டையிலும் தார் மேல் தார் போட்டு, வீதி கட்டிடத்தின் உள் தரையை விட உயர்ந்துவிட்ட இடங்கள் உண்டு. சுவரோரம் அந்தத் தரையை இறக்கி வடிகானைச் சரிசெய்யாமல் உள்ளே என்ன பூசினாலும் வீண்.

இப்போது டிசம்பர் விஷயம். கூரை ஓடு மாற்றுவது, பீலி, இறங்குகுழாய், வடிகான், தளம் தாங்கும் தீராந்திகளின் உக்கிய முனைகள், யன்னல் மரவேலை: இவை எல்லாம் அளந்து பில் போடக்கூடிய வேலைகள். பூச்சுக்கு முன் முடிய வேண்டிய வேலைகளும் இவைதான். வேலை ஒழுங்கை மாற்றி, இதை மேலதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதமாகக் கொடுங்கள். ‘முடியாது’ என்று எழுதாதீர்கள். டிசம்பருக்குள் எவை முடியும், பூச்சு ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஏன் நல்லது என்று எழுதுங்கள். கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் அவை. சுண்ணாம்புப் பூச்சு சீமெந்து போல இறுகுவதில்லை; காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத் திரும்பக் கல்லாகிறது. நனைந்த சுவரில் அது நடக்காது.

இந்த ஒக்டோபரிலேயே தொடங்க வேண்டிய இன்னொன்று சுண்ணாம்புக் குழி. பழைய சோனகத் தெருக் கடைகளில் பையில் விற்கும் வெள்ளையடிக்கும் தூள் இந்த வேலைக்கு ஆகாது. சுட்ட சுண்ணாம்பு வாங்கி நீங்களே தண்ணீரில் கரைத்து நீற்ற வேண்டும். முதலில் தண்ணீர், அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்ணாம்பு. ஒருபோதும் மறுவளமாக இல்லை. கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடியும் கையுறையும் இல்லாத யாரையும் குழிக்குக் கிட்டே விடாதீர்கள். நீற்றியதை அரித்து, மேலே எப்போதும் ஒரு சாண் தண்ணீர் நிற்க, குறைந்தது 3 மாதம் மூடி வையுங்கள். ஒக்டோபரில் நீற்றினால் ஜனவரியில் வெண்ணெய் போல எடுக்கலாம். ஒப்பந்தத்தில் தலத்திலுள்ள பொருளுக்குப் பணம் கொடுக்க இடமிருந்தால், அந்தக் குழியும் டிசம்பர் பில்லில் சேரும்.

ஒரு கவனம். அந்தக் காலத்தில் இங்கே முருகைக்கல்லைச் சுட்டார்கள். இன்று கடலோரத்தில் முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம், அது சரியும்கூட. சந்தையில் இப்போது கிடைக்கும் சுண்ணாம்பில் கணிசமானது மாத்தளைப் பக்கத்து டொலமைட், அதாவது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல். அதிலுள்ள மக்னீசியப் பகுதி மிக மெதுவாகத்தான் நீறும். அரைகுறையாக நீறியதைப் பூசினால், அது பிறகு சுவருக்குள் நீறி வீங்கி, பூச்சைக் கொப்புளம் கொப்புளமாகத் தள்ளிவிடும். எந்தக் கல் என்று விற்பவரிடம் கேளுங்கள். டொலமைட் என்றால் குழியில் இன்னும் கூடுதல் காலம் கிடக்கட்டும்.

மணலும் சும்மா வந்த மணலாக இருக்கக்கூடாது. பழைய சாந்தில் ஒரு துண்டை எடுத்து நிறுத்து, நீர்த்த ஐதரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், மணல் அடியில் தங்கும். அதைக் கழுவி, உலர்த்தி, நிறுத்துப் பாருங்கள். பருமனும் நிறமும் தெரியும், கலவை விகிதமும் ஓரளவு பிடிபடும். கொழும்பில் மட்டும் ஒரு பொறி உண்டு: பழைய சாந்தில் சிப்பியும் முருகைக்கல் துகளும் மணலாகச் சேர்ந்திருந்தால் அவையும் கரைந்துபோகும், உண்மையில் இருந்ததை விடச் சுண்ணாம்பு கூட என்று கணக்குக் காட்டும். அதனால் கரைக்கும் முன் ஒரு துண்டை உருப்பெருக்கியில் பாருங்கள், இன்னொரு துண்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். பொதுவாக ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு உப்பில்லாத, கூர்மையான மணல் என்று தொடங்கலாம். ஈரம் கூடின அடிச்சுவருக்குக் கொஞ்சம் செங்கல் தூள் சேர்த்தால் பிடிமானம் நன்றாக இருக்கும். பின்பக்கச் சுவரில் ஒரு சதுர மீற்றர் மாதிரி பூசி, ஒரு மாதம் பார்த்துவிட்டுத்தான் பெருவேலை.

பி.ஓ.கியூ.வின் அந்த ஒற்றை வரிதான் எனக்கு மிகவும் கவலை. ‘அகற்றி மீண்டும் பூசுதல்’ என்று சதுர மீற்றர் கணக்கில் பணம் என்றால், நல்ல பூச்சையும் கொத்துவதுதான் ஒப்பந்தகாரருக்கு இலாபம். அவரைக் குறைசொல்ல முடியாது, வரி அப்படி எழுதியிருக்கிறது. நீங்கள் ஒரு வெண்கட்டியோடு சுவர் சுவராகப் போய், விரல்முட்டியால் தட்டி, பொள்ளலாகச் சத்தம் வரும் இடத்தை மட்டும் வட்டம் போடுங்கள். இறுகிச் சத்தம் வரும் பழைய பூச்சு நிற்கட்டும், அதுவும் பாதுகாக்க வேண்டிய பொருள்தான். வட்டங்களை அளந்து, படமெடுத்து, ஒப்பந்தகாரரோடு கூட்டாகக் கையெழுத்து வைத்து, வேலை அளவு மாற்றத்துக்கு எழுத்தில் அனுமதி கேளுங்கள். சுத்தியல் தூக்கும் முன் இது நடக்க வேண்டும். பகல் 10 மணிக்கு நீங்கள் வந்துசேரும்போது ஒரு சுவர் கொத்தி முடிந்திருந்தால், அதை எந்தக் கடிதமும் திருப்பித் தராது. அந்த நாட்களில் காலையில் முதல் ஆளாக நில்லுங்கள், பிள்ளை.

உப்பைப் பற்றியும் ஒரு சொல். அது வெள்ளையாகப் பூத்திருக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கழுவ விடாதீர்கள். கரைந்து திரும்பச் சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த தூரிகையால் தட்டி, கீழே சாக்கு விரித்து அள்ளி, வெளியே கொண்டுபோய்க் கொட்டச் சொல்லுங்கள். பூசி முடிந்த சுவருக்கு பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் இவ்வளவு பாடும் வீண். சுண்ணாம்பு வெள்ளை, பல மெல்லிய பூச்சுகளாக.

அனுமதி விஷயம் சுருக்கமாக. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டிடங்களைப் பழம்பெரும் நினைவுச்சின்னங்களாகக் கொள்கிறது. அதற்குப் பிந்திய பிரித்தானியர் காலத்துக் கட்டிடமானால், அது வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டதா என்று பார்க்க வேண்டும். பிரகடனமானது என்றால் தொல்பொருள் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதியின்றி ஒரு கல்லையும் அசைக்க முடியாது. நகர அபிவிருத்தி அதிகார சபையிடமும் விசாரியுங்கள். அனுமதிக் கடிதத்தின் பிரதி ஒன்று உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். ‘மேலே இருக்கிறது’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.

விழுந்துபோன அலங்காரப் பூச்சுகளை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்கும் நாள் வரும். பழைய படமோ, சுவரில் மிஞ்சிய ஒரு துண்டோ இருந்தால் அதைப் பார்த்துச் செய்யலாம். ஊகிக்க வேண்டிய இடத்தில் மீளமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது, பழைய கட்டிடங்களைப் பேணுவது பற்றிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம். இது வெளிநாட்டார் வழக்கம் என்று யாராவது சொன்னால், அந்தச் சாசனத்தின் வழியே உருவான உலக அமைப்பான இகோமோஸுக்கு 1990களில் தலைவராக இருந்தவர் நம் நாட்டு ரோலண்ட் சில்வா என்று சொல்லுங்கள். தீராந்தி முனைகளிலும் இதே கவனம்: உக்கிய அளவை மட்டும் வெட்டி, அதே மரத்தில் புதுத் துண்டு பொருத்தி, புதுத் துண்டின் மறைவான பக்கத்தில் ஆண்டைச் செதுக்கச் சொல்லுங்கள். சுவருக்குள் போகும் முனையைச் சுற்றிக் காற்றுக்கு இடம் விடுங்கள்.

தினமும் மாலையில் டயறி எழுதுங்கள். எந்தச் சுவர், என்ன கலவை, எந்தக் குழிச் சுண்ணாம்பு, மழையா வெயிலா, யார் பூசினார். பூச்சை ஈரச் சாக்கால் எத்தனை நாள் மூடியிருந்தது என்பதையும் சேருங்கள். எல்லாம் முடிந்து மே மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும், அடுத்த தலத்துக்கு மாறியிருந்தாலும் ஒருமுறை அங்கே போய், ஒக்டோபரில் போட்ட பென்சில் கோட்டுக்குப் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். ஈரம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அதே டயறியில் குறித்துவிட்டு, எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.