நிரப்பிய கார்ட்ரிட்ஜ் இரண்டே பக்கத்தில் ஏன் வெளுத்தது?

கேள்வி: எங்களிடம் இருப்பது ஹெச்பி பிரிண்டர், 803 கார்ட்ரிட்ஜ். மகளின் பள்ளி ப்ராஜெக்ட்டுகளுக்காகப் புதுப்புது கார்ட்ரிட்ஜ் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. ஆன்லைனில் ரீஃபில் கிட் வாங்கி, கறுப்பை நானே நிரப்பி, துளைகள் மேல் செலோ டேப் ஒட்டினேன். இரண்டு பக்கம் பளிச்சென்று வந்தது. மூன்றாவது பக்கம் பாதியிலேயே வெளுத்துவிட்டது. கம்ப்யூட்டரிலும் இங்க் இல்லை என்றே காட்டுகிறது. கடையில் கேட்டால், ஹெட் (பேப்பரில் மையைத் தெளிக்கும் பகுதி) போய்விட்டது, வேறு பிரிண்டர் வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். வீட்டில் நிரப்பினால் வாரண்ட்டியும் போய்விடுமாமே?

பதில்: முதலில் அந்த டேப்பைப் பிரித்து எடுங்கள். எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் கொஞ்சம் ஊற்றிவிட்டு நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக வரும். உங்கள் கார்ட்ரிட்ஜிலும் அதுதான் நடந்திருக்கிறது. உள்ளே இருக்கும் ஸ்பான்ஜிலிருந்து இங்க் கீழே இறங்க இறங்க, மேலே இருந்து காற்று உள்ளே போக வேண்டும். அதற்கான வழியை டேப் அடைத்துவிட்டது. பழைய லேபிளையே லேசாக ஒட்டிவைத்தால் போதும்.

டேப்பை எடுத்தபின் கார்ட்ரிட்ஜின் அடிப்பக்கத்தை, வெந்நீரில் நனைத்துப் பிழிந்த டிஷ்யூ பேப்பரில் அரை நிமிடம் வையுங்கள். தேய்க்க வேண்டாம். கறுப்புப் பட்டை ஒன்று தெளிவாகப் பதிந்தால் இங்க் இறங்குகிறது என்று அர்த்தம். பட்டை விழுந்தும் பேப்பரில் எழுத்து வரவில்லை என்றால்தான் ஹெட் மேல் சந்தேகப்பட வேண்டும்.

அப்படியே போயிருந்தாலும் பிரிண்டரை ஏன் மாற்ற வேண்டும்? உங்கள் மாடலில் ஹெட் இருப்பதே கார்ட்ரிட்ஜின் அடியில்தான். கார்ட்ரிட்ஜை மாற்றினால் ஹெட்டும் புதிதாகிவிடும். இது அந்தக் கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்துகொண்டே சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டாத கோபம். நான் ஒருமுறை வேலை விஷயமாகப் போன ஒரு கடையில், நல்ல கார்ட்ரிட்ஜை ரீஃபிலுக்கு வாங்கி வைத்துக்கொண்டு, செத்த கார்ட்ரிட்ஜ் ஒன்றைத் திருப்பிக் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தேன். ஆகவே எப்போதாவது கடையில் கொடுக்க நேர்ந்தால், அதன் பக்கவாட்டில் பர்மனென்ட் மார்க்கரால் உங்கள் கையெழுத்தைப் போட்டுக் கொடுங்கள். காலி கார்ட்ரிட்ஜைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று வருபவர்களிடமும் கொடுக்காதீர்கள். அந்தக் கூடுதான் எதையோ நிரப்பி, அட்டைப்பெட்டி மாற்றி, ஒரிஜினல் என்று வேறொருவர் தலையில் கட்டப்படுகிறது.

இன்னொன்று. இணையத்தில் தேடினால் 'பிரிண்டர் கஸ்டமர் கேர்' என்று கண்ட கண்ட நம்பர்கள் வரும். கூப்பிட்டால், உங்கள் கம்ப்யூட்டரை அவர்கள் இயக்க ஒரு ஆப் இறக்கச் சொல்வார்கள். இறக்காதீர்கள். பிரிண்டருடன் வந்த தாளில் உள்ள நம்பரைத் தவிர எதையும் நம்ப வேண்டாம்.

இங்க் இல்லை என்று காட்டுவதைப் பொருட்படுத்தாதீர்கள். எத்தனை துளி தெளித்தோம் என்று பிரிண்டர் கணக்கு வைத்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் நிரப்பியது அதற்குத் தெரியாது. ஓகே கொடுத்துத் தாண்டிப் போங்கள்.

இனி நிரப்பும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கலர் கார்ட்ரிட்ஜில் மூன்று நிறமும் டை இங்க், அதாவது தண்ணீரில் கரைந்த சாயம். ஆனால் 803-ன் கறுப்பு மட்டும் பிக்மென்ட் இங்க். நுண்ணிய கறுப்புத் துகள்கள் மிதக்கும் மை. விலை குறைந்த கிட்டுகள் பலவற்றில் கறுப்பையும் டையாகவே வைத்துவிடுகிறார்கள். பாட்டிலில் பிக்மென்ட் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். ஒன்றும் போடவில்லை என்றால் டை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு கார்ட்ரிட்ஜில் டை ஊற்றினால் வேலை செய்யாது என்றில்லை. எழுத்து வெளிறும், ஈரம் பட்டால் பரவும். உள்ளே மிச்சமிருக்கும் பிக்மென்ட்டோடு சேர்ந்து திரிந்து, மை வெளியேறும் நுண்துளைகளான நாசில்கள் அடைபடவும் கூடும். கலர் பக்கத்தில் பிக்மென்ட்டை ஊற்றவே கூடாது. கறுப்புக்குப் பிக்மென்ட், கலருக்கு டை. இதை ஒரு சீட்டில் எழுதி கிட் மேல் ஒட்டிவிடுங்கள்.

அப்புறம், இங்க் சுத்தமாகத் தீர்ந்துபோகும் அளவுக்கு அச்சடித்துக்கொண்டே போகாதீர்கள். இந்த ஹெட் இங்க்கைச் சூடாக்கிக் குமிழியாக்கித்தான் துளியைத் தள்ளுகிறது. அந்தச் சூட்டை ஆற்றுவதும் அதே இங்க்தான். வெறும் ஹெட்டை ஓட்டினால் கருகிவிடும். எழுத்து மங்கத் தொடங்கியதுமே நிரப்புங்கள். ஊசியை மெதுவாக இறக்கி, 5 மில்லிக்கு மேல் போகாமல், அவசரப்படாமல் ஏற்றுங்கள்.

வாரண்ட்டி விஷயம். ரீஃபில் செய்த கார்ட்ரிட்ஜைப் பயன்படுத்தியதற்காக வாரண்ட்டி போகாது என்று ஹெச்பியின் வாரண்ட்டித் தாளிலேயே இருக்கிறது. அந்த கார்ட்ரிட்ஜால்தான் பிரிண்டர் பழுதானது என்றால் மட்டும் பழுது பார்க்கக் காசு கேட்பார்கள். இதைப் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, திரையில் மட்டும் 'இது அசல் இங்க் அல்ல' என்று பெரிதாக எச்சரித்தால், வீட்டில் இருப்பவர்கள் பயப்படாமல் என்ன செய்வார்கள்? மலிவு விலைக்கு பிரிண்டரைக் கொடுத்துவிட்டு, மைக்கு ஆயுள் முழுக்கப் பணம் வாங்கும் ஏற்பாடு இது. கடைக்காரர் வாரண்ட்டி என்று பயமுறுத்தினால் அந்தத் தாளை எடுத்துக் காட்டுங்கள். அதற்கும் மசியாமல் வாரண்ட்டி வேலையை மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் கூப்பிட்டுப் புகார் பதியுங்கள். அதற்கு பில் வேண்டும். அதைப் பத்திரமாக வைத்திருங்கள்.