அணைகளைக் கட்டியவர்கள் வீடுகளில் தடுமாறியது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, நொய்டாவில் பணம் கட்டிவிட்டு வீட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பங்களைப் பற்றியவை. ஆகவே பகுதி முழுவதையும் அந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தெஹ்ரி அணையைக் கட்டிய ஜேபி குழுமத்தால் நொய்டாவில் அடுக்குமாடி வீடுகளைக் கட்டி முடிக்க முடியாமல் போனது எப்படி? மத்தியப் பொதுப்பணித் துறையில் பொறியாளனாக இருந்த எனக்கு இது விளங்கவே இல்லை.
– ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மயூர் விஹார்

பதில்: அந்த நிறுவனத்துக்குக் கட்டத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. குழுமத்தை நிறுவிய ஜெய்பிரகாஷ் கௌர் 1950இல் ரூர்க்கியில் சிவில் பொறியியல் டிப்ளமா முடித்து, உத்தரப் பிரதேச நீர்ப்பாசனத் துறையில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 1958இல் ஒப்பந்ததாரராகத் தனித்துத் தொழில் தொடங்கியவர். நர்மதையின் குறுக்கே சர்தார் சரோவர், பாகீரதியின் குறுக்கே 260 மீட்டர் உயரத் தெஹ்ரி, செனாபின் குறுக்கே பக்லிஹார் என்று நாட்டின் மிகக் கடினமான கட்டுமானங்களில் அவருடைய நிறுவனத்தின் உழைப்பு இருக்கிறது. தில்லிவாசிகளுக்கு அக்குழுமம் ராஜேந்திர பிளேஸின் சித்தார்த் ஹோட்டலாலும் வசந்த் விஹாரின் வசந்த் கான்டினென்டலாலும் நெடுங்காலமாகப் பழக்கம். 1980களில் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் சிமென்ட் ஆலையும் எழுந்தது.

ஆனால் அணை வேலையில் பணம் எப்படி வருகிறது என்பதை நீங்களே அறிவீர்கள். செய்த வேலை அளவுப் புத்தகத்தில் பதிவாகிறது. பொறியாளர் சரிபார்த்துக் கையொப்பமிட்ட பிறகே பில் தொகை வருகிறது. வேலை முந்துகிறது, பணம் பிந்துகிறது. வீடு விற்கும் தொழிலில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. அஸ்திவாரம் தோண்டும் முன்பே ஆயிரக்கணக்கானவர்களின் பணம் கணக்கில் வந்து சேர்கிறது. அதை எந்த வேலைக்குச் செலவிட வேண்டும் என்று அளந்து பார்க்க அப்போது பொறியாளரும் இல்லை, வீட்டுத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ரெரா போன்ற ஆணையமும் இல்லை. குழுமத்தின் வீழ்ச்சியை இந்த இடத்திலிருந்தே புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

யமுனா விரைவுச்சாலை ஒப்பந்தம் 2003இல் கையெழுத்தானது. கிரேட்டர் நொய்டாவிலிருந்து ஆக்ரா வரை 165 கிலோமீட்டர் சாலையை நிறுவனம் தன் செலவில் போட வேண்டும். அதற்கு ஈடாக 36 ஆண்டுகள் சுங்கம் வசூலிக்கும் உரிமையும், சாலையோரம் ஐந்து இடங்களில் மொத்தம் 2.5 கோடி சதுர மீட்டர், அதாவது 6,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலமும் கிடைக்கும். இந்தத் திட்டத்துக்கென்றே 2007இல் ஜேபி இன்ஃப்ராடெக் என்ற துணை நிறுவனம் தொடங்கப்பட்டது. சாலைக்காக வாங்கிய கடனைச் சுங்கம் மட்டும் அடைக்காது. நிலமும் சேர்ந்து அடைக்க வேண்டும். நிலம் பணமாக வேண்டுமானால் வீடுகள் விற்க வேண்டும். அப்படித்தான் நொய்டாவில் விஷ் டவுன் என்ற அடுக்குமாடிக் குடியிருப்புத் திட்டம் பிறந்தது. அங்கே முன்பணம் கட்டிய 20,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தாங்கள் வீடு வாங்குவதாக நினைத்திருந்தன. உண்மையில், ஒரு நெடுஞ்சாலையின் கடன் கணக்கு சரியாவதும் தவறுவதும் அவர்களுடைய தவணைகளையும் சார்ந்திருந்தது.

நிலம் எடுப்பதும் அமைதியாக நடக்கவில்லை. 2010இல் டப்பலிலும் 2011இல் பட்டா பர்சௌலிலும் விவசாயிகளுக்கும் போலீசாருக்கும் நடந்த மோதல்களில் உயிர்கள் பலியாயின. வீடு வாங்கியவர்களின் துயரத்தைப் பேசும்போது, அதே மண்ணை இழந்தவர்களின் துயரத்தை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். அதனால்தான் இங்கே குறிப்பிடுகிறேன்.

இதே ஆண்டுகளில் குழுமம் அனல் மின்சாரம், நீர் மின்சாரம், சிமென்ட் ஆகியவற்றில் ஒரே நேரத்தில் கடன் வாங்கி விரிந்தது. 2011 முதல் 2013 வரை மூன்று ஃபார்முலா 1 பந்தயங்கள் நடந்த ஓடுதளத்தையும் கிரேட்டர் நொய்டாவில் அமைத்தது. நொய்டா வட்டாரத்தில் வீட்டு விற்பனை மந்தமானது. 2014இல் நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது மின் துறையையே உலுக்கியது. கடனைக் குறைப்பதற்காக நல்ல வருமானம் தந்த சொத்துகளைத்தான் முதலில் விற்க வேண்டியிருந்தது. 2015இல் இமாசலத்தின் இரண்டு நீர்மின் நிலையங்கள் ஜே.எஸ்.டபிள்யூ. நிறுவனத்துக்குப் போயின, 2017இல் சிமென்ட் ஆலைகளில் பெரும்பகுதி 16,189 கோடி ரூபாய்க்கு அல்ட்ராடெக்குக்குப் போனது. அப்போதும் விஷ் டவுனின் பல கோபுரங்கள் கம்பி நீட்டியபடியே நின்றன. விரைவுச்சாலை திறக்கப்பட்டது 2012 ஆகஸ்ட் 9. ஐ.டி.பி.ஐ. வங்கியின் மனுவை ஏற்று, ஜேபி இன்ஃப்ராடெக் மீது அலகாபாத் கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் திவால் நடவடிக்கை தொடங்கியது 2017 ஆகஸ்ட் 9. இடையில் சரியாக ஐந்து ஆண்டுகள்.

கேள்வி: நிறுவனத்துக்குச் சொந்தமான நிலம் இருந்ததே, அதை விற்று வீடுகளை முடித்திருக்கலாமே? நீதிமன்றம் தலையிட்ட பிறகும் ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின?
– வங்கி ஊழியர், ஜனக்புரி

பதில்: நிலம் இருந்தது, ஆனால் அதில் ஒரு பெரும் பகுதி அடமானத்தில் இருந்தது. அதுவும் துணை நிறுவனத்தின் சொந்தக் கடனுக்காக அன்று, தாய் நிறுவனமான ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸ் பெற்ற கடனுக்காக. வங்கியில் பணிபுரியும் உங்களுக்கு இதன் கனம் எளிதில் புரியும். 2020 பிப்ரவரி 26 அன்று உச்ச நீதிமன்றம், 758 ஏக்கர் மீதான அந்த அடமானங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தாய் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்த வங்கிகள், துணை நிறுவனத்தின் திவால் வழக்கில் கடன் கொடுத்தவர்களாக உட்கார முடியாது என்றும் சொன்னது. என் மதிப்பீட்டில் இவ்வழக்கில் வந்த தீர்ப்புகளிலேயே மிகவும் பயனுள்ளது இதுதான், ஏனென்றால் வீடுகளை முடிக்கத் தேவையான நிலத்தை அது மீட்டுக் கொடுத்தது.

தாமதத்துக்கு முதன்மைக் காரணம் சட்டத்திலேயே இருந்த ஓட்டை. 2016இல் இயற்றப்பட்ட திவால் சட்டத்தில், வீடு வாங்குபவருக்குக் கடன் கொடுத்தவர் என்ற தகுதி கிடையாது. ஒருவர் 40 லட்சம் கட்டியிருந்தாலும், நிறுவனத்தின் எதிர்காலத்தை முடிவுசெய்யும் குழுவில் அவருக்கு இருக்கை இல்லை. ஜேபி குடும்பங்கள் உச்ச நீதிமன்றத்தை அணுகிய பிறகே இந்த அநீதி நாடு முழுவதும் பேசப்பட்டது. 2018 ஜூன் 6 அன்று வந்த அவசரச் சட்டம் வீடு வாங்கியவர்களை நிதிக் கடன் கொடுத்தோர் வரிசையில் சேர்த்தது. அதன்பின் அதே குழுவில் பாதிக்கும் மேற்பட்ட வாக்கு அவர்கள் கையில் இருந்தது.

பிறகு நடந்தவை நீளமானவை, சுருக்கிச் சொல்கிறேன். பொதுத்துறை நிறுவனமான என்.பி.சி.சி.யின் திட்டம் 2020இல் ஏற்கப்பட்டு, 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தால் மறுபரிசீலனைக்கு அனுப்பப்பட்டது. ஜூன் மாத வாக்கெடுப்பில் மும்பையின் சுரக்ஷா குழுமம் வென்றது. தீர்ப்பாயத்தின் ஒப்புதல் 2023 மார்ச் 7 அன்று கிடைத்தது. விவசாயிகளுக்கான கூடுதல் இழப்பீட்டுப் பிரச்சினை தீர்ந்து, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இறுதி ஒப்புதல் தந்தது 2024 மே மாதத்தில். அடுத்த மாதமே, ஜூன் 3 அன்று, ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் மனுவின் பேரில் தாய் நிறுவனத்தின் மீதும் திவால் நடவடிக்கை தொடங்கியது.

கேள்வி: ஆம்ரபாலி விவகாரமும் இதைப் போன்றதுதானா?
– கல்லூரி மாணவி, பீதம்புரா

பதில்: இல்லை. ஜேபி வழக்கு அளவுக்கு மீறிய கடனும் ஒன்றோடொன்று பின்னிய நிறுவனக் கணக்குகளும் சம்பந்தப்பட்டது. நொய்டா வட்டாரத்தில் வீடு கட்டி விற்ற மற்றொரு குழுமமான ஆம்ரபாலியில், உச்ச நீதிமன்றம் நியமித்த தடயவியல் தணிக்கையாளர்கள், அலுவலக உதவியாளர்கள் போன்றோரின் பெயரில் தொடங்கப்பட்ட நிறுவனங்கள் வழியாகப் பணம் திருப்பிவிடப்பட்டதையும், சதுர அடி ஒரு ரூபாய்க்கு வீடுகள் பதிவானதையும் கண்டறிந்தார்கள். 42,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்ட அவ்வழக்கில் 2019 ஜூலை 23 அன்று நீதிமன்றம் நிறுவனத்தின் ரெரா பதிவையும் நிலக் குத்தகைகளையும் ரத்து செய்து, வீடுகளை முடிக்கும் பொறுப்பை என்.பி.சி.சி.யிடம் ஒப்படைத்தது.

கேள்வி: வீடு கையில் வரும்வரை பில்டரே இ.எம்.ஐ. கட்டுவார் என்று சொல்லித்தான் நொய்டாவில் பதிவு செய்தோம். (பெயர் வேண்டாம்.) அவர் நிறுத்திவிட்டார், வங்கி எங்களிடம் கேட்கிறது. வாடகையும் கட்டி, தவணையும் கட்ட முடியவில்லை. என் கணவர் தூங்கியே பல மாதங்கள் ஆகின்றன.
– வாசகி, நொய்டா செக்டர் 62

பதில்: அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இது உங்கள் குடும்பத்தின் குற்றம் இல்லை. கட்டுமானம் எந்த அளவுக்கு வளர்ந்திருக்கிறதோ அந்த அளவுக்கே கடன் தொகையை விடுவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருந்தது. அதை மீறிப் பில்டருக்கு முன்கூட்டியே பணம் கொடுத்த நிகழ்வுகள் தில்லி வட்டாரத்தில் பல என்பதால்தான், 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பில்டர்களுக்கும் வங்கிகளுக்கும் இடையிலான கூட்டு குறித்து சி.பி.ஐ. விசாரிக்க உத்தரவிட்டது.

அதே வழக்குகளில் 2024 ஜூலையில், வீடு வாங்கியவர்கள் மீது வங்கிகள் கட்டாய நடவடிக்கை எடுப்பதற்கு இடைக்காலத் தடையும் தரப்பட்டது. அது உங்கள் கடனுக்குப் பொருந்துமா என்பது நீங்களும் பில்டரும் வங்கியும் கையெழுத்திட்ட முத்தரப்பு ஒப்பந்தத்தின் வாசகத்தைப் பொறுத்தது. அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் இ.எம்.ஐ.யை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வங்கி எந்தெந்தத் தேதியில் எவ்வளவு தொகையைப் பில்டருக்கு விடுவித்தது என்ற விவரத்தை எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். பில்டர் மீது திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டதா என்பதையும் பாருங்கள். தொடங்கியிருந்தால் ரெரா உத்தரவின் மூலம் பணம் வசூலிப்பது நின்றுவிடும்; அறிவிப்பில் சொன்ன கெடுவுக்குள், திவால் நடவடிக்கையை நடத்தும் தீர்வு அலுவலரிடம் உரிமைக்கோரிக்கைப் படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். அதே திட்டத்தில் பணம் கட்டிய மற்றவர்களோடு சேர்ந்து செயல்படுங்கள். ஜேபி குடும்பங்கள் சட்டத்தையே திருத்த வைத்தது சேர்ந்து நின்றதால்தான்.

கேள்வி: அடுத்த ஆண்டு ஓய்வுபெறுகிறேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஓய்வூதியப் பலன்களை வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும் பிளாட்டை வாங்கலாமா?
– மத்திய அரசு ஊழியர், ஆர்.கே.புரம்

பதில்: வேண்டாம் என்றே சொல்வேன். முப்பது வயதுக்காரர் ஐந்து ஆண்டு தாமதத்தைத் தாங்குவார். குவார்ட்டர்ஸை விட்டு வெளியேறும் நாள் குறிக்கப்பட்டுவிட்ட உங்களால் முடியாது. குடியேற்றச் சான்றிதழ் பெற்ற வீட்டையோ, ஏற்கெனவே குடும்பங்கள் வசிக்கும் சொசைட்டியில் மறுவிற்பனைக்கு வரும் வீட்டையோ பாருங்கள்; சதுர அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை. நொய்டாவில் நிலம் குத்தகை நிலம் என்பதால், பில்டர் நொய்டா ஆணையத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி இருந்தால் உங்கள் பெயரில் பதிவே நின்றுபோகும். பாக்கி இல்லை என்ற கடிதத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

அப்படியும் கட்டிக்கொண்டிருக்கும் வீடுதான் என்று முடிவு செய்தால், ரெரா இணையதளத்தில் அத்திட்டத்தின் காலாண்டு அறிக்கைகளை எடுத்து, அவற்றில் சொன்ன தளங்கள் உண்மையில் எழுந்திருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பாருங்கள். வாங்குவோர் கட்டும் பணத்தில் 70 விழுக்காடு தனிக் கணக்கில் இருந்தாக வேண்டும். விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் 10 விழுக்காட்டுக்கு மேல் கேட்க பில்டருக்கு உரிமை இல்லை. கேட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.