தொட்டியில் ஊர்ப் பெயர், டேங்கில் தண்ணீர்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் பல ஊர்களில் உயரமான தண்ணீர்த் தொட்டி மேல் ஊர்ப் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறார்களே, அது விமானிகளுக்காகவா?

பதில்: பெரும்பாலும் ஊர்ப் பெருமைக்குத்தான். ஆனால் பைலட்டுகளுக்கும் அது உதவும். ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் சின்ன விமானம் ஓட்டியவர்கள் ரயில் பாதை, ஆறு, ஏரி, தண்ணீர்த் தொட்டி என்று கீழே தெரிவதையெல்லாம் வரைபடத்தோடு ஒத்துப்பார்த்துத்தான் பறந்தார்கள். அங்கே விமான வரைபடங்களில் இன்றைக்கும் தண்ணீர்த் தொட்டிகளைக் குறித்திருப்பார்கள்.

விமானிகளுக்கென்றே எழுதிய பெயர்களின் கதை தனி. 1930-களில், வேலையில்லாமல் லட்சக்கணக்கானோர் தவித்த நேரத்தில், ஃபீபி ஓம்லி என்ற பெண் விமானி முன்னின்று அரசுத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். லூயிஸ் தேடன், பிளான்ஷ் நாய்ஸ் போன்ற பெண் விமானிகள் ஊர் ஊராகப் போய்ப் பேசிச் சம்மதம் வாங்க, தானியக் களஞ்சியம், தொழிற்சாலைக் கூரை, தண்ணீர்த் தொட்டி என்று வானத்திலிருந்து தெரியும் இடங்களில் ஊர்ப் பெயரையும் வடக்கு காட்டும் அம்புக்குறியையும் எழுதினார்கள். பெயின்ட் அடித்தவர்களுக்குக் கூலி கிடைத்தது, பைலட்டுக்கு வழி கிடைத்தது. அப்புறம் உலகப் போர் வந்தது. எதிரி விமானத்துக்கும் இதுவே வழி காட்டிவிடுமே என்று, எழுதவைத்த நாய்ஸே பலவற்றை அழிக்க வேண்டியதாயிற்று. போர் முடிந்ததும் மறுபடி எழுதவைத்தார்!

ஒன்று மட்டும்: தொட்டியின் பக்கவாட்டில் இருக்கும் பெயரைப் படிக்கிறேன் என்று தாழப் பறப்பது முட்டாள்தனம். உச்சியில் செல்போன் ஆன்டெனா நிற்கலாம், சுற்றிலும் மின்கம்பி ஓடலாம்.

கேள்வி: சில தொட்டிகளில் சதுரங்கக் கட்டம் மாதிரி ஆரஞ்சும் வெள்ளையும் அடித்திருப்பது ஏன்?

பதில்: முட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். அமெரிக்காவில் பொதுவாக 200 அடிக்கு மேல் உயர்ந்த கட்டுமானம் என்றால் இப்படி வண்ணமோ விளக்கோ தேவைப்படும்; விமான நிலையத்துக்குப் பக்கத்தில் என்றால் அதைவிடக் குட்டையானதற்கும். ஒல்லியான கோபுரத்துக்குப் பட்டை, அகலமான தொட்டிக்குக் கட்டம்.

கேள்வி: பறப்பதற்கு முன் சின்ன விமானத்தின் இறக்கைக்கு அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை ஒரு குப்பியில் பிடித்துப் பார்க்கிறார்களே, எதற்கு?

பதில்: தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க. பாதி காலியான டேங்க்கில் இருக்கும் ஈரக் காற்று இரவில் குளிர்ந்து நீராகும், மூடி சரியில்லை என்றால் மழையும் இறங்கும். தண்ணீர் கனமானது, அடியில் தங்கும். அடியிலிருந்துதானே எஞ்சினுக்கும் போகிறது! தரையில் நன்றாக ஓடிய எஞ்சின், குழாயில் இருந்த நல்ல பெட்ரோல் தீர்ந்ததும் மேலேறும் நேரத்தில் அணைந்துபோகும். குப்பியில் தண்ணீரையும் பெட்ரோலையும் பிரிக்கும் கோடு தெரியவில்லை என்று நிம்மதி அடையவும் முடியாது, முழுக்கத் தண்ணீராகவே இருந்தாலும் கோடு தெரியாது. பரவலாகப் பயன்படும் விமானப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் சேர்ப்பதால் நிறத்தையும் பார்க்க வேண்டும்.

பெரிய விமானமும் தப்பவில்லை. எரிபொருளில் இயல்பாகவே துளியளவு தண்ணீர் இருக்கும். 2008 ஜனவரியில் பெய்ஜிங்கிலிருந்து லண்டன் வந்த போயிங் 777-இல் அது நீண்ட குளிரில் பனியாகி, இறங்கும் நேரத்தில் இரண்டு எஞ்சின்களுக்கும் போகும் வழியை அடைத்துக்கொண்டது. ஹீத்ரோ ரன்வேக்கு முன்னாலேயே புல்தரையில் விழுந்தது விமானம். உள்ளே இருந்த 152 பேரும் பிழைத்தார்கள். அதற்குப் பிறகு, பனி அடைத்துக்கொண்ட இடமான, எரிபொருளைச் சூடாக்கும் பாகத்தின் வடிவமைப்பையே மாற்றினார்கள்.