சீனால பைக் வாங்கி ஓட்டுறது: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

நான் இருக்கிறது சோங்கிங். பைக் ஸ்பேர் பார்ட்ஸ் பாத்து வாங்கி அனுப்புற வேலை. வண்டி என் பேர்ல, லைசன்ஸ் என் பேர்ல. மெயின்லேண்ட் பத்தி மட்டும் கேளுங்க, ஹாங்காங் மக்காவ்ல சட்டமே வேற. விசா, எம்பிபிஎஸ் சீட்டு, ஐபோன் விலை இதெல்லாம் என்கிட்ட கேக்காதீங்க.

திருச்சி_ரைடர்: அண்ணே, என்கிட்ட இந்தியன் லைசன்ஸ் இருக்கு, இன்டர்நேஷனல் பர்மிட்டும் போட்டு வச்சிருக்கேன். அங்க வேலைக்கு வரேன், வந்த உடனே ஓட்டலாமா?

ஓட்டக்கூடாது தம்பி. இன்டர்நேஷனல் பர்மிட்ட சீனா ஏத்துக்கிறதே இல்ல. அந்த பர்மிட்டுக்கான சர்வதேச ஒப்பந்தத்துல அவங்க சேரல, அதனால உன் கைல இருக்கிற அந்த புக்லெட்டுக்கு இங்க மதிப்பு கிடையாது. சீன லைசன்ஸ்தான் எடுக்கணும். ஆனா நல்ல சேதி என்னன்னா உன் ஊர் லைசன்ஸ்ல கியர் பைக் போட்டிருந்தா பொதுவா எழுத்து பரீட்சை மட்டும் எழுதி மாத்திக்கலாம். ரெசிடன்ஸ் பர்மிட் வேணும், நீ தங்குற வீட்டை போலீஸ்ல பதிவு பண்ண சீட்டு வேணும் (அது வந்து 24 மணி நேரத்துக்குள்ள பண்ணியிருக்கணும், ஞாபகம் வச்சுக்க), லைசன்ஸ அங்கீகாரம் உள்ள ஏஜென்சில சீன மொழில மொழிபெயர்த்து வாங்கணும், ஆஸ்பத்திரில கண்ணு, கலர் எல்லாம் செக் பண்ணி ஃபார்ம் வாங்கணும், இதெல்லாம் எடுத்துட்டு செகுவான்சுவோ போகணும், அதாவது இங்கத்த ஆர்டிஓ. கார்னா 100 கேள்வி, 90 சரியா இருக்கணும். பைக்னா 50 கேள்வி, 45 சரியா இருக்கணும். பெரிய ஊர்ல இங்கிலீஷ்ல எழுதலாம், ஆனா அந்த இங்கிலீஷுக்கு சில இடத்துல நாமதான் அர்த்தம் கண்டுபிடிக்கணும். ஆக்சிடெண்ட்ல ஒருத்தனுக்கு குடல் வெளிய வந்துட்டா என்ன பண்ணணும்னு ஒரு கேள்வி இருக்கு, உள்ள தள்ளக்கூடாது, கிண்ணம் மாதிரி எதையாவது கவுத்து மூடி கட்டணும், இதான் சரியான விடை. சிரிக்காத, அது ஒரு மார்க்கு.

லைசன்ஸ் வகுப்ப பாத்துக்க: இ-ன்னா ரெண்டு சக்கரம், டி-ன்னா மூணு சக்கரமும் சேத்து, எஃப்-ன்னா 50 சிசி வரைக்கும் சின்ன வண்டி. டி எடுத்தா மத்த ரெண்டும் அதுக்குள்ள அடங்கிடும்.

இன்னொண்ணு, இத நான் திரும்பத் திரும்ப சொல்லுவேன், சலிச்சாலும் கேளுங்க: வண்டியும் லைசன்ஸும் இன்சூரன்ஸும் உன் பேர்ல இல்லாம சாவியைத் தொடாத.

குவாங்சோ_டாக்டர்: ப்ரோ நான் குவாங்சோல மெடிக்கல் படிக்கிறேன், ஒரு 150 சிசி வாங்கலாம்னு...

வாங்காத. குவாங்சோ நகரத்துக்குள்ள 2007 ஜனவரி 1-ல இருந்து பைக்குக்கு தடை. மெட்ரோல போ.

வடபழனி_வாசு: பெய்ஜிங்ல வேலை கெடச்சிருக்கு சார். அங்க எப்படி?

பெய்ஜிங்ல ரெண்டு வகை பிளேட். ஜிங்-ஏ, ஜிங்-பி. பி பிளேட் மாட்டுனா நாலாவது ரிங் ரோடுக்கு உள்ள நுழையக்கூடாது. ஏ பிளேட்னா உள்ளயும் போகலாம், சாங்கான் அவென்யூ மாதிரி சில ரோடு மட்டும் கூடாது. ஆனா ஏ பிளேட் புதுசா தர்றதில்ல, பழைய வண்டியோட சேத்துதான் கை மாறுது, வண்டி இரும்பு விலை, பிளேட்டு விலை நம்ம ஊர்ல வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்கலாம். ஷாங்காய்லயும் இதே கூத்துதான், அங்க ஹு-சின்னு ஒரு வகை பிளேட், அதோட அவுட்டர் ரிங் ரோடுக்குள்ள வர முடியாது. இந்த மாதிரி தடையோ கட்டுப்பாடோ நூத்துக்கும் மேல நகரத்துல இருக்கு, அதனால வேலை எந்த ஊருன்னு தெரிஞ்ச பிறகுதான் வண்டி பத்தியே யோசிக்கணும். சியான்ல 2017 கடைசில தடைய எடுத்தாங்க, எங்க சோங்கிங் எப்பவுமே பைக் ஊரு, மலை மேல கட்டின ஊர்ல சைக்கிளா மிதிப்பாங்க?

கோவை_கண்ணன்: இந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு லைசன்ஸ் வேணாம்னு ஃப்ரெண்டு சொல்றான், உண்மையா?

உங்க ஃப்ரெண்டு பாதி உண்மை சொல்றாரு, அந்த மீதிப் பாதிலதான் போலீஸ் நிக்குறான். 2019 ஏப்ரல்ல வந்த ரூல்படி 25 கிமீ வேகத்துக்கு மேல போகக்கூடாது, எடை 55 கிலோவுக்குள்ள, மோட்டார் 400 வாட்டுக்குள்ள, பெடல் இருக்கணும், இப்படி இருந்தா அது சைக்கிள் கணக்கு, லைசன்ஸ் வேணாம், ஆனா பிளேட் வாங்கணும். 2025 செப்டம்பர்ல இருந்து புது ரூல், பெடல் கட்டாயம் இல்ல, லெட் ஆசிட் பேட்டரி வண்டின்னா 63 கிலோ வரைக்கும் விட்டுட்டாங்க. இதத் தாண்டுனா அது எலக்ட்ரிக் மோட்டார்சைக்கிள், லைசன்ஸ், இன்சூரன்ஸ், ஆர்சி எல்லாம் வேணும். பாக்க ரெண்டும் ஒண்ணு போலதான் இருக்கும், கடைக்காரன் 60 போகும்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவான், நம்ம பசங்க சந்தோஷமா வாங்கிட்டு வந்துடுறாங்க. பிளேட் என்ன வகைன்னு முதல்ல கேளுங்க, அப்புறம் கலர் பாக்கலாம்.

நெல்லை_நண்பன்: செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஜப்பான் 600 சிசி ரொம்ப கம்மி விலைக்கு வருது. பேப்பர் பின்னாடி தரேங்கிறான்.

பின்னாடி வராது. அது சுய்சே, கடத்தல் வண்டி. சுங்கம் கட்டாம உள்ள வந்தது, எந்த ஜென்மத்துலயும் பிளேட் கிடைக்காது, பிடிச்சா வண்டி போயிடும். செகண்ட் ஹேண்ட் வாங்குறப்போ பச்ச புக் (வண்டி யாரோடதுன்னு காட்டுற பதிவு புக்) இருக்கா, ஆர்சி இருக்கா, இஞ்சின் நம்பர் சேஸிஸ் நம்பர் அதுல உள்ளதோட ஒத்துப் போகுதா, ஃபைன் பாக்கி இருக்கான்னு டிராஃபிக் போலீஸோட 12123 ஆப்ல பாக்கணும், விக்கிறவனையும் கூட்டிட்டு செகுவான்சுவோ போய் பேர் மாத்தின பிறகுதான் வீசாட்ல காசு அனுப்பணும். "பேர் மாத்தாட்டி என்னண்ணே, நம்பிக்கையான ஆளு"ன்னு சொல்லிக்கிட்டு வராதீங்க. என் பல்லவி மேலயே இருக்கு.

ஓசூர்_பிஸ்டன்: அண்ணே எல்லாம் சரி, ஆனா காசு குடுத்து சைனா மால் வாங்கணுமா? ஒரு வருஷத்துல கழண்டுடும்.

இந்தா வந்துட்டாரு. ஓசூர்னு பேர் வச்சிருக்கீங்க, உங்க ஊர் டிவிஎஸ்ல பிஎம்டபிள்யூ 310 செஞ்சா நமக்கெல்லாம் பெருமை, எனக்கும்தான். அதே பிஎம்டபிள்யூ எஃப் 850 ஜிஎஸ்-க்கு இஞ்சின் எங்க சோங்கிங்ல லோன்சின் கம்பெனில செஞ்சா அது சைனா மாலா? பிஎம்டபிள்யூ சி 400 ஸ்கூட்டர் முழுசாவே இங்கதான் செய்றாங்க. கேடிஎம் 790 டியூக் ஹாங்சோல சிஎஃப்மோட்டோங்கிற சீன கம்பெனி கூட சேந்து செய்றாங்க. இத்தாலிக்காரன் வண்டின்னு நீங்க வாங்குற பெனெல்லி 2005-ல இருந்து சியான்ஜியாங்ங்கிற சீன கம்பெனியோடது.

ஓசூர்_பிஸ்டன்: வெள்ளக்காரன் டிசைன், அவன் செக் பண்றான், அதான் நல்லா வருது. சொந்த பிராண்ட் பத்தி சொல்லுங்க பாப்போம்.

நியாயமான கேள்வி. பதினஞ்சு இருபது வருஷத்துக்கு முந்தி வந்ததெல்லாம் நீங்க சொன்ன மாதிரிதான், போல்ட் துரு பிடிக்கும், வெயில்ல பிளாஸ்டிக் வெளுக்கும். இப்போ இஞ்சின்ல குறை சொல்ல ஒண்ணும் இல்ல. கோவ்ங்கிற சீன பிராண்ட் 2023-ல டக்கார் பாலைவன ரேலிக்கே போச்சு. எனக்கு இன்னும் பிடிக்காதது கம்பெனியோட வர்ற டயர், சீட்டு, அப்புறம் சின்னச் சின்ன சென்சார். அதவிட பெரிய தொல்லை, வருஷா வருஷம் புது மாடல் விடுறான், போன வருஷ வண்டிய வித்தா பாதி விலை. நீங்க அந்த பாயிண்ட்ட பிடிச்சிருந்தா நான் வாய மூடியிருப்பேன்.

பழைய_யமஹா: ரெண்டு பேரும் சும்மா இருங்கப்பா, ஜப்பான் வண்டி வாங்குனா பிரச்சனையே இல்ல.

ஐயா, இங்க தெருவுல ஓடுற ஹோண்டால பாதி குவாங்சோல உயாங்-ஹோண்டாக்காரன் செஞ்சது. சுசுகி வேணும்னா ஜியாங்மென்ல ஹாவ்ஜுவே கம்பெனி செஞ்சு குடுக்குது. ஜப்பான்ல இருந்து நேரா இறக்குமதி பண்ணதுன்னா விலைய கேட்டுட்டு அப்புறம் பேசலாம்.

ஓசூர்_பிஸ்டன்: இந்தியால சிஎஃப்மோட்டோ வாங்குன என் மச்சான் ஸ்பேருக்கு மாசக்கணக்குல காத்திருந்தான்.

இந்தியால டீலர் கம்மி, ஸ்பேர் கஷ்டம், ஒத்துக்கிறேன். ஆனா இங்க பேசுறது சீனால வாங்கி சீனால ஓட்டுறத பத்தி. இங்க ஸ்பேர் ஆன்லைன்ல போட்டா மறுநாள் வாசல்ல இருக்கும். மச்சானுக்கு என் அனுதாபங்கள். அடுத்த கேள்வி.

யாழ்_மைந்தன்: அண்ணா, சிறிலங்கா லைசன்ஸ வச்சு அங்க ஓடலாமோ? இன்டர்நேஷனலும் கிடக்கு.

தம்பி, திருச்சித் தம்பிக்கு சொன்னதுதான் உங்களுக்கும். இன்டர்நேஷனல் செல்லாது, லைசன்ஸ மொழிபெயர்த்து பரீட்சை எழுதணும்.

ஈப்போ_மணி: அண்ணே, நாங்க நாலு பேர் மலேசியா மோட்டர்ல தாய்லாந்து, லாவோஸ் வழியா சைனாக்குள்ள போக பிளான். சொந்த மோட்டர கொண்டு போகலாமா?

போகலாம், உங்க ஊர்க்காரங்க நிறைய பேர் போதென்-மோஹான் பார்டர் வழியா வர்றாங்க. ஆனா தனியா வந்து பார்டர்ல நின்னா திருப்பி அனுப்பிடுவான். முன்கூட்டியே சீன ஏஜென்சி பிடிச்சு, ரூட்ட எழுதிக் குடுத்து, தற்காலிக பிளேட்டும் தற்காலிக லைசன்ஸும் எடுக்கணும், பயணம் முழுக்க ஒரு கைடு கூடவே வருவாரு, அவருக்கு கார், சாப்பாடு, ரூம் உங்க செலவு. சுங்கம் கட்டாம வண்டிய தற்காலிகமா கொண்டு போக மத்த நாட்டுக்கு போடுற கார்னே புக் இங்க உதவாது. நாலு பேர்னா செலவ பங்கு போட்டுக்கலாம், ஒத்த ஆளுன்னா கட்டுப்படியாகாது.

மலை_முகில்: ஜி 318 ரோட்டுல செங்டூவுல இருந்து லாசா வரைக்கும் போகணும், வாழ்நாள் கனவு.

நல்ல கனவு, ஆனா பாதி ரோடுதான் உனக்கு. காங்டிங் தாண்டி செடுவோ கணவாய் 4,298 மீட்டர், அப்புறம் லித்தாங் ஊரே 4,000 மீட்டருக்கு மேல, அங்கிருந்து பாத்தாங் வரைக்கும் சிச்சுவான் மாகாணம், பொதுவா வெளிநாட்டுக்காரன் சீன லைசன்ஸோட தன்னந்தனியா ஓட்டலாம் (சில சமயம் திடீர்னு மூடுவாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்க). பாத்தாங் தாண்டி ஜின்ஷா ஆத்துப் பாலம், அந்தப் பக்கம் திபெத். அங்க பர்மிட்டும் ஏஜென்சியும் கைடும் இல்லாம வெளிநாட்டு பாஸ்போர்ட்டோட நுழைய முடியாது. சீனாக்காரப் பசங்க கூட்டமா கொடி கட்டிட்டு போவாங்க, அவங்க பின்னாடியே போயிடலாம்னு நினைக்காத, செக்போஸ்ட்ல பாஸ்போர்ட் கேப்பான். எனக்கு கேட்டா லித்தாங்ல இருந்து யாதிங் பக்கம் இறங்கிடு, அழகுல லாசா ரோடுக்கு குறைஞ்சதில்ல. முதல் நாளே 4,000 மீட்டர்ல போய் தூங்காத, காங்டிங்ல ஒரு ராத்திரி தங்கு, தலைவலி வந்தா இறங்கு. மே மாசத்துலயும் கணவாய்ல பனி பெய்யும், ரெயின்கோட்ட நம்பி போகாத.

சேலம்_சிவா: பெட்ரோல் பங்க்ல பைக்குக்கு நேரா அடிக்க மாட்டேங்கிறான், டீ கெட்டில் மாதிரி ஒண்ண குடுக்கிறான், ஏன்?

நிறைய ஊர்ல அதான் வழக்கம். தீ பயம்னு சொல்லி, வண்டிய பம்புக்கு தள்ளி நிறுத்த சொல்லி, இரும்பு கெட்டில்ல பிடிச்சு நீயே ஊத்திக்கணும். சில இடத்துல ஐடி பதிவும் கேப்பான், நம்ம பாஸ்போர்ட் அந்த மெஷின்ல ஏறாது, அந்தம்மா கையால எழுதுறதுக்குள்ள பின்னாடி வரிசை நிக்கும். கோபப்படாதீங்க. ஷின்ஜியாங்ல இது இன்னும் ஜாஸ்தி, அரை டேங்க் ஆகுறப்பவே பங்க் தேடிடணும்.

குன்மிங்_குரு: நான் பல வருஷமா இங்க லைசன்ஸ் இல்லாம ஓட்டுறேன் ப்ரோ, ஒரு போலீஸும் கேட்டதில்ல. சும்மா பயமுறுத்தாதீங்க.

கேக்காத வரைக்கும் யாருமே கேக்க மாட்டாங்கதான். லைசன்ஸ் இல்லாம ஓட்டுனா 200-ல இருந்து 2,000 யுவான் வரைக்கும் ஃபைன், கூடவே 15 நாள் வரைக்கும் உள்ள வைக்கலாம், வெளிநாட்டுக்காரனுக்கு அதோட விசாவும் போகலாம். நான் அத சொல்ல வரல. ஒரு கிழவி ரோட்டுல குறுக்க வந்து நீ இடிச்சுட்டன்னு வச்சுக்க. கட்டாய இன்சூரன்ஸ்ல இறப்புக்கும் ஊனத்துக்கும் 1,80,000, வைத்தியத்துக்கு 18,000, பொருள் சேதத்துக்கு 2,000 யுவான் வரைக்கும் வரும். லைசன்ஸ் இல்லன்னா கம்பெனிக்காரன் ஆஸ்பத்திரிக்கு முதல்ல குடுத்துட்டு அத உன்கிட்டயே வசூல் பண்ணுவான். மொத்த செட்டில்மெண்ட்டும் உன் தலைல. அது முடியாம பல சமயம் நாட்ட விட்டே போக விட மாட்டாங்க. இத்தனைக்கும் அந்த இன்சூரன்ஸ் வருஷத்துக்கு எவ்வளவு தெரியுமா? 250 சிசி வரைக்கும் 120 யுவான், அதுக்கு மேல 400. இதுக்கா கஞ்சத்தனம்?

குன்மிங்_குரு: நான் மெதுவாதான் ஓட்டுவேன்.

சரிங்க.

சென்னை_28: விலை போக வேற என்ன செலவு?

150 சிசிக்கு மேலன்னா பர்ச்சேஸ் டாக்ஸ் 10 சதவீதம், ஆனா வாட் கழிச்ச விலைக்குத்தான், 25,000 யுவான் வண்டிக்கு ஏறக்குறைய 2,200 வரும். 150 வரைக்கும் அது இல்ல. இன்சூரன்ஸ் மேல சொல்லிட்டேன். இதோட மூணாம் நபர் இன்சூரன்ஸ் தனியா பத்து லட்சம் யுவானுக்கு குறையாம எடுங்க, பைக்குக்கு தர கம்பெனிய தேடி பிடிக்கணும், தேடுங்க.

தஞ்சை_தமிழ்: எக்ஸ்பிரஸ்வேல விடுவாங்களா? மனைவியும் கூட வருவாங்க.

நாட்டு சட்டப்படி பைக் 80 கிமீ வேகத்துக்குள்ள போகலாம், ஆனா நிறைய மாகாணத்துல டோல்லயே தடுத்துடுவாங்க. விட்ட இடத்துலயும் பின்னாடி ஆள் ஏத்தக்கூடாது, அதனால அவங்க ரயில்லதான் வரணும். பழைய நேஷனல் ஹைவே ஜி நம்பர் ரோடெல்லாம் இருக்கு, ரெண்டு பேரும் அதுல போங்க.

புது_ரைடர்: அண்ணே இன்டர்நேஷனல் பர்மிட் வச்சு...

இல்ல.

விழுப்புரம்_விஜய்: ஊர்ல கார் லைசன்ஸ்தான் இருக்கு, பைக் இல்ல. என்ன பண்றது?

அப்போ இங்க டிரைவிங் ஸ்கூல்ல சேந்து முழுசா எடுக்கணும். நம்ம ஊர்ல எட்டு போடுற மாதிரி இங்க கோன் சுத்தணும், மேட்டுல நிறுத்தி எடுக்கணும், ஒரு குறுகலான பலகை மேல ஏறி இறங்கணும், அப்புறம் ரோடு டெஸ்ட், கடைசில இன்னொரு எழுத்து பரீட்சை. நிறைய ஊர்ல எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சிடலாம். சைகை விளக்கு போடாம கிளம்புனா அங்கயே ஃபெயில்.

கரூர்_கதிர்: காண்ட்ராக்ட் முடிஞ்சு ஊருக்கு வரேன். வண்டிய ரூம்மேட்கிட்ட அப்படியே குடுத்துட்டு வந்துடலாமா?

கூடாது. ஆர்சி உன் பேர்ல இருக்கிற வரைக்கும் அவன் வாங்குற கேமரா ஃபைன் எல்லாம் உன் பேர்லதான் ஏறும், அடுத்த தடவ விசாவுக்கு வரும்போது அது எப்படி எட்டிப் பாக்கும்னு யாருக்கும் தெரியாது. ரூம்மேட்டுக்கு இங்க லைசன்ஸ் இருக்கான்னு முதல்ல கேளு, இல்லன்னா வெளிய வித்துடு. 12123-ல ஃபைன் பாக்கி எல்லாம் கட்டு, ரெண்டு பேரும் செகுவான்சுவோ போங்க, பேர் மாத்துங்க, இன்சூரன்ஸையும் அவன் பேருக்கு மாத்துங்க. ரெசிடன்ஸ் பர்மிட் முடியறதுக்கு முன்னாடியே பண்ணணும், முடிஞ்ச பிறகு போனா கவுண்டர்ல உன் பேப்பர எடுக்கவே மாட்டான். ஃப்ளைட் டிக்கெட்ட அதுக்கப்புறம் போடு.