வெள்ளிப் பூச்சுக்குக் கூடுதல் பணம் கட்டலாமா?

மேலூர்த் தம்பி, சர்க்கரை உள்ள அம்மாவின் முழங்கால் மூட்டு மாற்றுக்கு வெள்ளிப் பூச்சு போட்ட மூட்டை வைக்கத் தனியாகப் பணம் கேட்கிறார்கள், கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். வெள்ளிப் பூச்சு பெரும்பாலும் புற்றுநோயால் நீளமாக எலும்பை எடுத்தவர்களுக்கு வைக்கும் பெரிய உலோகத்துக்குத்தான். சாதாரண மூட்டு மாற்றில் பல இடங்களில் ஜென்டாமைசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து கலந்த எலும்பு சிமெண்டே (மூட்டை எலும்போடு பிடிக்க வைக்கும் பசை) போடுகிறார்கள், அது உண்டா என்று முதலில் கேளுங்கள். கிருமி உலோகத்தில் ஒட்டிப் படலம் கட்டிவிட்டால், வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் பிடித்த பாசி மாதிரிதான், மருந்துக்கு லேசில் அசையாது. அந்த முதல் ஒட்டலைத் தடுக்கத்தான் பூச்சு.

அப்புறம், கிருமிக்கு வழிவிடக்கூடிய அம்மாவின் மூன்று மாதச் சர்க்கரை அளவு, சொத்தைப் பல், கால் புண் எல்லாம் பார்த்தாச்சா? என் அம்மாவுக்குக் குதிகால் வெடிப்பில் சீழ் இருந்ததென்று டாக்டர் தேதியையே தள்ளிவைத்தார், அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.